சாவியோடு போன பதினேழு

சர்வர் என்றதும் ஓட்டலில் தோளில் துண்டோடு நிற்கும் ஆளை நினைத்துவிட வேண்டாம். இவர் நகராட்சி ஆபீசில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர். அந்தப் பேரை வைத்தது அக்கா வீட்டுக்காரர். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விசேஷ வீட்டில் யாரோ, "உங்க மச்சினன் என்ன பண்றார்?" என்று விசாரிக்க, "சர்வர்ல வேலை பார்க்கிறான்" என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "எந்த ஓட்டல்ல?" என்றார் கேட்டவர். அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றோடு மச்சினனின் சொந்தப் பேர் போயிற்று. அக்காவின் மகளும் மகனும்கூட "சர்வர் மாமா" என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள வாய் வேண்டுமே. அம்மா போனபிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் அக்காதான். அப்போதே பையன் ஊமையோ என்று தெருவில் சந்தேகம். வகுப்பில் பக்கத்துப் பையன் செய்த வம்புக்கெல்லாம் இவர் அடி வாங்கிக்கொண்டு வருவார். யார் செய்தது என்று கேட்டால், "நான்தான்" என்பார். அதற்கு மேல் பேசப் பிடிக்காது, அவ்வளவுதான். "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க. உனக்கு அந்தப் பயமே இல்லடா" என்று அக்கா தலையில் குட்டுவாள். நாற்பதை நெருங்கியும் அவர் மாறவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு, அத்தானுடைய கிண்டல். வாழ்க்கை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அத்தானின் கிண்டல் ஒரு விதத்தில் உபயோகப்பட்டது. வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவர் ஓட்டலை வைத்தே விளக்கிவிடுவார். வெப்சைட்டைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு வேலைக்காரன் வருகிறான். ஒன்று, இரண்டு என்று அவர்களுக்கு நம்பர் உண்டு. கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான், போனதும் எல்லாம் மறந்துவிடும். இந்த மேஜையில் கேட்டது அந்த மேஜைக்காரனுக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறது. அது ஓர் அலமாரிக்குள் இருக்கிறது, அலமாரிக்குச் சாவி ஒன்றே ஒன்று. எழுதுகிறவனும் படிக்கிறவனும் சாவியை எடுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்தால் சிலேட்டு துடைத்துவிட்ட மாதிரி காலி.

இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குப் பேச்சு வரும். அந்த வேலைக்காரர்களைப் பற்றி வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார். "ஒன்பதாவது ஆள் இன்னைக்கு மந்தமா இருக்கான். நாலு செத்துட்டான், வேற ஒருத்தனை எழுப்பணும்." அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வேலைக்காரன் தனக்குத் துணையாகக் கிளப்பிவிடுகிற சின்னச் சின்ன வேலைகளுக்குப் பேரே பிள்ளைகள். ஆபீசில் காது பழகியவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. பழகாதவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. கரை உடைந்து ஆறு ஊருக்குள் வந்தபோது நகராட்சி ஆபீசின் கீழ்த்தளம் முழுகிப்போயிற்று. எல்லாக் கணக்கும் பத்திரமாக இருக்கும் என்று பீற்றிக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டர்கள் அங்கேதான் இருந்தன. மிஞ்சியது தெருவிளக்குப் புகார்ப் பிரிவின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. சர்வரும் காவலாளியும் இடுப்பளவு தண்ணீரில் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். ஜெனரேட்டரில் ஓடியது. ஆனால் எழுதி வைக்கிற டிஸ்க் பழுது. பாதி நேரம் எழுதும், பாதி நேரம் முரண்டு பிடிக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று எல்லாவற்றையும் அந்தப் பொதுச் சிலேட்டிலேயே வைத்து ஒரு வெப் பக்கத்தை அன்றைக்கே செய்துவிட்டார்.

மொட்டைமாடிகளில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், வரிசையாக உட்கார்ந்திருந்த கிளார்க்குகள் கேட்கக் கேட்கத் தட்டிவிடுவார்கள். எந்தத் தெரு, எத்தனை பேர், குழந்தை உண்டா, நோயாளி உண்டா. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நம்பர். மூலையில் வயர்லெஸ் மேடம் திரையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் படகுகளுக்குச் சொல்வார். படகு ஆட்களை ஏற்றிவிட்டால் அவரே அந்த மாடிக்கு நேராக எழுதிவிடுவார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவர், காதில் விழுந்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லக்கூடியவர்.

அந்த அறையில் இரண்டு நாளில் ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. "இருபத்தி ரெண்டு ஏத்தியாச்சா?" "ஏத்தியாச்சு. முப்பது இன்னும் இருக்கு." "எட்டு காலி." மாடியில் நிற்கிற மனுஷர் எல்லாம் அது, இது என்று அஃறிணை ஆகிவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மனுஷராக நினைத்தால் கை ஓடாது.

பதினேழு அக்கா வீடு. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கூப்பிட்டவள் அக்காதான்; எடுத்தவர் சர்வரேதான். "வீட்டுக்குள்ள தண்ணி கூரை வரைக்கும் வந்துடுச்சுடா. நாங்க நாலு பேரும் மாடியில இருக்கோம். போன் அணையப்போகுது, சீக்கிரம் எழுதிக்கோ" என்றாள். பின்னால் அத்தான் குரல் கேட்டது. "சர்வர், ஒரு படகு ஆர்டர். சூடா வேணும்." பிறகு போன் செத்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். தம்பி என்பதற்காக முன்னால் தள்ளவில்லை, அப்படித் தள்ள அவருக்குத் தெரியவும் தெரியாது. மறுநாள் மதியம் வரிசையில் பதினேழு முன்னுக்கு வந்தது. படகு கிளம்பிவிட்டது என்று வயர்லெஸ் மேடம் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். மேலே அணையில் தண்ணீர் திறக்கப் போவதாகச் செய்தி வந்திருந்தது. அக்கா வீடு இருக்கிற தெற்குத் தெருக்களைச் சாயங்காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும்.

அப்போதுதான் எல்லாத் திரையும் வெளுத்தன.

யாரோ ஒரு கிளார்க் தன் போனுக்கு வந்த பெரிய போட்டோ ஒன்றை அப்படியே ஏற்றியிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு போன வேலைக்காரன் நடுவில் மூச்சுமுட்டி விழுந்தான். விழுந்ததுகூடப் பெரிதில்லை, தினமும் ஒருவன் விழுவதுதான். இவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்துவிட்டான். சாவி ஆணிக்குத் திரும்பவில்லை. மற்றவர்கள் எல்லாம் அலமாரி முன்னால் வரிசைகட்டி நின்றார்கள். செத்தவன் வந்து சாவி கொடுப்பான் என்று காத்திருக்கிற கூட்டம். எழுதுகிறவனும் நின்றான், படிக்கிறவனும் நின்றான். கிளார்க்குகள் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினார்கள். அமுக்க அமுக்க வரிசை நீண்டது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார் பெரிய அதிகாரி. உலகத்தில் எந்த அதிகாரிக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சர்வர் எழுந்துபோய் சுவிட்ச்சுக்கு முன்னால் நின்றுகொண்டார். "அணைச்சா மாடி எல்லாம் போயிடும் சார்."

"திரும்பப் போட்டுக்கலாம்ல?"

"யார்கிட்ட கேட்டுப் போடறது? அவங்க போன் எல்லாம் அணைஞ்சு போச்சு. அவங்க எங்க இருக்காங்கன்னு இது ஒண்ணுக்குத்தான் தெரியும்."

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். சர்வருக்குத் தெரிந்த ஓர் ஆள்தான் இதற்கு வழி சொல்ல முடியும். முன்னே கூட வேலை பார்த்தவன், இப்போது வேறு ஊரில் இருக்கிறான், தாடி என்று கூப்பிடுவார்கள். லைன் கிடைத்தபோது ஒரே இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து கத்தாத மனுஷர் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினார்.

வழி இருக்கிறது என்றான் தாடி. சாவி கேட்காமல் பின்பக்கமாக அலமாரிக்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடலாம். ஆனால் ஒரு கண்டம் உண்டு. சாவி வைத்திருப்பவன் உண்மையிலேயே செத்திருக்க வேண்டும். குற்றுயிராக இருந்து பாதி எழுதிக்கொண்டிருந்தால், சாவியைப் பிடுங்கின நொடியில் சிலேட்டு முழுவதும் கந்தரகோலமாகிவிடும். ஒரு மாடியும் மிஞ்சாது.

"சாவி யார்கிட்டடா இருக்கு? நல்லாப் பாரு. செத்துட்டானா, சும்மா மயங்கிக் கிடக்கானா? பிள்ளைங்க ஏதாவது உயிரோட இருந்தாலும் தொடாத" என்றான் தாடி.

சர்வர் பார்த்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். பூட்டின் மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார், அந்த நம்பர்க்காரனைத் தேடினார், அவன் பிள்ளைகளைத் தேடினார். யாரும் இல்லை. சந்தோஷத்தில் குரல் உடைந்துபோயிற்று.

"பதினேழு செத்துட்டான்" என்று கத்தினார். "ஆமா, பதினேழு! பிள்ளைங்களும் போயிடுச்சு. நல்லாப் பார்த்துட்டேன், அங்க உயிரோட யாருமே இல்ல. இனிமே அவனுக்காகக் காத்திருந்து பிரயோஜனம் இல்ல. விட்டுட்டு அடுத்தவனுக்கு வழி விடறேன்."

பட்டனை அமுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மூளையில் அந்த நேரம் ஒரே ஒரு பதினேழுதான் இருந்தது, அது இந்தப் பெட்டிக்குள் சாவியோடு விழுந்து கிடந்த பதினேழு. மனசு முழுக்க அக்காவையே வைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு அந்த நம்பர் அக்காவின் நம்பரும்தான் என்று உறைக்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் நடந்தது.

புரோகிராமை அடித்தார். ஒரு எழுத்து தப்பினால் எல்லாம் போய்விடும் என்கிற பயத்தில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். கிளார்க்குகள் இருக்கையை விட்டு எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர் மெல்ல அவர் தோளில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அது தைரியம் சொல்கிற கை என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

சாவி ஆணிக்கு வந்தது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். திரைகள் உயிர் பெற்றன. மாடிகள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடச் சிதையவில்லை. சர்வர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அழுகை மாதிரியும் இருந்தது. யாரும் கூடச் சிரிக்கவில்லையே என்றுதான் தலையைத் தூக்கினார்.

திரையில், வரிசையில் கடைசியாக நின்றிருந்த வேலைக்காரன் எழுதிவிட்டுப் போன வரி பளிச்சென்று இருந்தது. பதினேழு: இறந்துவிட்டனர், படகு தேவையில்லை.

அவர் அந்த வரியைத் திரும்பப் படித்தார். அக்கா போய்விட்டாள். அத்தான், அந்தப் பெண், அந்தச் சின்னப் பையன். நான் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மூலைக்கு நடந்தார். வயர்லெஸ் மேடத்தின் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது.

"எப்ப மேடம்? யார் சொன்னாங்க?"

அந்த அம்மாளுக்கு அவர் கேட்பது புரியவில்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க."

"நானா?"

"போன்ல கத்தினீங்களே. பதினேழு செத்துட்டான், பிள்ளைங்களும் போயிடுச்சுன்னு. நாங்க எல்லாம் மாடியை அது இதுன்னுதான் சொல்லுவோம். நீங்க அவன்னு சொன்னீங்க. அப்ப மனுஷனைத்தான் சொல்றீங்க, உங்க அத்தானைத்தான் சொல்றீங்கன்னு..." என்று இழுத்தார். "அந்த நேரத்திலும் அடுத்தவனுக்கு வழி விடறேன்னு சொன்னீங்களே சார். உங்ககிட்ட வந்து திரும்பக் கேக்க எனக்கு மனசு வரல. படகைத் திருப்பி இருபத்தி ஆறுக்கு அனுப்பிட்டேன். வெப் பக்கத்துல எழுதியும் போட்டேன், அப்பவே போட்டேன், அது இப்பத்தான் ஏறுது."

சர்வர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கை காட்டினார். வயர்லெஸ் கருவியைக் கை காட்டினார். மறுபடி மறுபடி கை காட்டினார். செத்தது பெட்டிக்குள் இருந்த பதினேழு என்று மேடத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள்.

படகுக்காரரின் குரல் இரைச்சலுக்கு நடுவே வந்தது. "அந்தத் தெரு முனை வரைக்கும் போயிட்டோம் மேடம். மாடியில யாரோ கையாட்டின மாதிரிதான் இருந்துச்சு. நீங்க பதினேழு முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. சரி, இது வேற வீடு போல, வேற படகு வரும்னு நெனச்சுத் திரும்பிட்டோம். இப்ப தூரமா வந்துட்டோமே. ஆளுங்களை ஏத்தியிருக்கோம்."

"இறக்கிட்டுப் போங்க. உடனே போங்க" என்றார் மேடம். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி அந்த ஆபீசில் ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு காத்திருப்பு. மற்ற மாடிகளுக்கான வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. போன் அடித்தது, கிளார்க்குகள் தட்டினார்கள், பக்கம் ஒழுங்காக ஓடியது. சர்வர் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடவுளிடம் என்ன கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள வழி உண்டா என்றுதான் மனசு அலைந்தது. சிலேட்டில் எழுதியதை அழிக்கலாம். காற்றில் சொன்னதை எந்தச் சாவி போட்டுத் திறந்து அழிப்பது?

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது குரல் வந்தது. "பதினேழு ஏத்தியாச்சு. ஒரு பொம்பளை, ஒரு பொண்ணு, ஒரு பையன். உயிரோட இருக்காங்க."

அறையில் யாரோ கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் கணக்குத் தெரியும். நாலு பேர் என்றுதான் எழுதியிருந்தது.

"அவங்க வீட்டுக்காரர் இல்ல மேடம். நாங்க திரும்பினப்போ படகு படகுன்னு கூப்பிட்டுக்கிட்டே தண்ணியில குதிச்சு நீந்தி வந்தாராம். எங்களுக்குக் கேக்கல. மோட்டார் சத்தம்."

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். அக்கா கரும்பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு சின்னவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பெண் இவரைப் பார்த்ததும், "சர்வர் மாமா, அப்பா வந்துட்டாரா?" என்றாள். அவர் அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அக்கா அழவில்லை. அவர் வருவதற்குள் அழுது முடித்திருக்க வேண்டும். அவர் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தாள். எதையாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"படகு வந்துச்சுடா. தெரு முனை வரைக்கும் வந்துச்சு. உங்க அத்தான், பாத்தியா என் மச்சினன் ஆர்டர் எடுத்தா லேட்டானாலும் வந்துடும்னு சிரிச்சார். நாங்க கையாட்டினோம். அப்புறம் ஏன் திரும்பிப் போச்சு? நீ அங்கதானே உட்கார்ந்திருந்த. யாருடா திருப்பி அனுப்பினது?"

வயர்லெஸ் மேடம் என்று சொல்லலாம். லைன் இரைச்சல் என்று சொல்லலாம், போட்டோ ஏற்றிய கிளார்க் என்று சொல்லலாம். எல்லாமே பொய்யில்லை. ஆனால் அக்காவிடம் அவர் எதையும் மறைத்தது கிடையாது.

"நான்தான்க்கா. நான் சொன்ன ஒரு வார்த்தைதான்."

அக்கா அவர் வாயைக் கையால் பொத்தினாள். "போதும்டா. சின்ன வயசுலேர்ந்து இதே பழக்கம் உனக்கு, யார் பண்ணின தப்பையும் நான்தான்னு தூக்கித் தலையில போட்டுக்கறது. நீயாவது, ஒரு வார்த்தை சொல்றதாவது." அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "வாயே திறக்க மாட்டியேடா நீ."